இடைக்கால இஸ்லாமியச் சமூகத்தில் சூஃபி தரீக்காக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூஃபி என்றதும் கவிதையும் கவ்வாலியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் 12ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை பாக்தாத்திலோ கெய்ரோவிலோ டெல்லியிலோ வாழ்ந்த ஒரு சாதாரண ஆளுக்கு, சூஃபிகள் என்றால் சாப்பாடும் தங்குமிடமும் சச்சரவு தீர்க்கும் இடமும்கூட. சொந்தபந்தம் இல்லாத ஊரில் போய் இறங்குகிறவனுக்குத் தட்ட ஒரு கதவு வேண்டும். பல நூறு ஆண்டுகள், பல ஆயிரம் மைல் தூரத்துக்கு, அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தவை தரீக்காக்கள். சூஃபிகளின் ஞானத்தைப் பேசும் எழுத்து தமிழில் நிறைய உண்டு. இந்தப் பக்கத்தைப் பேசுவது குறைவு என்பதால் இங்கே அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தரீக்கா என்றால் என்ன?

ஒரு ஷெய்கு, அதாவது ஆன்மிக குரு, காட்டிய வழிமுறையைப் பின்பற்றும் சீடர்களின் கூட்டம். சீடரை முரீது என்பார்கள். ஷெய்கின் கையில் கை வைத்து உறுதி கொடுப்பது பைஅத். இந்த ஷெய்கு யாரிடம் பைஅத் பெற்றார், அவர் யாரிடம் பெற்றார் என்று பின்னோக்கிப் போய் நபிகள் நாயகத்தில் முடியும் பெயர் வரிசை சில்சிலா. சேர்ந்ததற்கு அடையாளமாகக் கிர்கா என்னும் மேலங்கியைப் போர்த்திவிடுவார்கள்.

இதில் சமூக நோக்கில் முக்கியமானது சில்சிலாதான். ஒருவருடைய குலம் கோத்திரம் தெரியாவிட்டாலும் அவர் ஷெய்கின் பெயர் தெரிந்தால் போதும், அவர் யார் என்று சொல்லிவிடலாம். ரத்தத்தில் வராத ஒரு வம்சாவளி அது. புக்காராவிலிருந்து வந்தவனையும் மொராக்கோவிலிருந்து வந்தவனையும் ஒரே கூரையின் கீழ் சகோதரர்களாக உட்கார வைக்க அதனால் முடிந்தது.

இவை எப்போது அமைப்புகளாக மாறின?

8, 9ஆம் நூற்றாண்டுகளில் சூஃபிகள் பெரும்பாலும் தனி மனிதர்களாகவும், அவர்களைச் சுற்றிய சிறு வட்டங்களாகவும் இருந்தார்கள். பஸ்ராவின் ராபியாவும் பாக்தாத்தின் ஜுனைதும் தரீக்கா எதையும் நிறுவவில்லை. 11ஆம் நூற்றாண்டில் குராசானில் அபூ சயீத் இப்னு அபில் கைர் (967–1049), கான்காவில், அதாவது சூஃபிகள் கூடித் தங்கும் மடத்தில், தங்குகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிகள் வகுத்தார். பாக்தாத்தில் மக்கள் திரளுக்குப் பிரசங்கம் செய்துவந்த அப்துல் காதிர் ஜீலானி 1166இல் மறைந்தார். அவர் பிள்ளைகளும் சீடர்களும் தொடர்ந்ததில் காதிரிய்யா உருவானது. அதே நகரத்தில் அபுந் நஜீப் சுஹ்ரவர்தியும் அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ஷிஹாபுத்தீன் உமர் சுஹ்ரவர்தியும் (1145–1234) சுஹ்ரவர்திய்யாவுக்கு அடித்தளம் போட்டார்கள்.

அப்புறம் மங்கோலியர்கள் வந்தார்கள். 1221இல் மத்திய ஆசியாவில் குவாரஸ்மின் தலைநகரம் அழிந்தபோது நஜ்முத்தீன் குப்ரா என்ற சூஃபி ஷெய்கு அங்கேயே உயிர்விட்டார். 1258இல் பாக்தாத் விழுந்தது, கலீஃபா ஆட்சியும் அதோடு போனது. அரசுகள் உடைந்த இடத்தில் உடையாமல் நின்றது எது என்று பார்த்தால், ஷெய்கு–முரீது உறவுதான். குப்ராவின் சீடர் சைஃபுத்தீன் பாகர்ஸி புக்காராவில் இருந்தார். மங்கோலிய இளவரசி சோர்காக்தானி, தான் கிறிஸ்தவராக இருந்தும், அந்நகரில் ஒரு மதரஸா கட்டப் பணம் கொடுத்து அதன் பொறுப்பை இவரிடம்தான் ஒப்படைத்தார். நம்பிக் கொடுக்க ஊரில் மிச்சமிருந்த ஆள் யார் என்பது இதிலேயே தெரிகிறது.

சேர வேண்டுமானால் வீடு வாசலைத் துறக்க வேண்டுமா?

வேண்டாம். முழு நேரமும் கான்காவில் கிடந்தவர்கள் சிறுபான்மை. பெரும்பாலான முரீதுகள் கடை வைத்திருந்தார்கள், தறி ஓட்டினார்கள், பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள். வாரத்தில் ஓரிரவு திக்ருக்கு, அதாவது இறைவன் பெயரைக் கூடி ஓதுவதற்கு, வந்து போவார்கள். அபுந் நஜீப் சுஹ்ரவர்தி சீடர்களுக்காக எழுதிய ஒழுக்க நூலில், கடும் துறவு முடியாதவர்களுக்கென்று சலுகைகளைத் தனியாகவே பட்டியலிட்டிருக்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய், எகிப்தில் வாழ்ந்த அபுல் ஹசன் ஷாதுலி (மறைவு 1258), தொழிலை விடாதே, கந்தலைக் கட்டிக்கொண்டு பக்தியைக் காட்டாதே என்று சீடர்களுக்குச் சொன்னார்.

இந்தத் தளர்வுதான் தரீக்காக்களை ஊர் முழுக்கப் பரவ வைத்தது என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தால் நாலு பேர்தான் வந்திருப்பார்கள்.

கான்கா, ரிபாத், ஸாவியா, தெக்கே எல்லாம் வேறு வேறா?

பெரும்பாலும் இடத்துக்கு இடம் மாறும் பெயர்கள்தான். பாரசீகத்திலும் அங்கிருந்து எகிப்திலும் கான்கா, ஈராக்கில் ரிபாத், வட ஆப்பிரிக்காவில் ஸாவியா, துருக்கியில் தெக்கே. நம் பக்கத்துத் தைக்காவும் இலங்கையின் தக்கியாவும் இதே குடும்பம். பெரிய கான்காக்களை அரசர்கள் கட்டினார்கள், ஸாவியா பெரும்பாலும் ஒரு ஷெய்கின் சொந்த இடமாக இருக்கும் என்ற அளவுக்கு ஒரு வேறுபாட்டை வைத்துக்கொள்ளலாம். தர்கா என்பது அடக்கத்தலம். காலப்போக்கில் பல இடங்களில் தர்காவும் கான்காவும் ஒரே வளாகமாகிவிட்டன.

ஒரு கான்காவுக்குள் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

நல்ல வேளையாக, இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1326இல் கெய்ரோவுக்குப் போனார். அங்கே அவர் பார்த்தது இது.

புதிதாக வருகிறவர் நேராக உள்ளே நுழைய முடியாது. இடுப்பை இறுகக் கட்டி, தொழுகை விரிப்பை முதுகில் தொங்கவிட்டு, வலக்கையில் கோலும் இடக்கையில் ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும்) கூஜாவுமாக வாசலில் நிற்க வேண்டும். வாயிற்காவலர் உள்ளே போய்ச் சொல்வார். காதிம், அதாவது நிர்வாகம் பார்க்கிறவர், வெளியே வந்து விசாரிப்பார்: எந்த நாடு? வரும் வழியில் எந்தெந்த ஸாவியாக்களில் தங்கினாய்? உன் ஷெய்கு யார்? பதில்கள் சரியாக இருந்தால் உள்ளே அழைத்துப் போய், விரிப்பைப் போட ஓர் இடம் காட்டி, கழுவுமிடத்தையும் காட்டுவார். வந்தவர் ஒளு செய்துவிட்டு, இடுப்புக் கட்டை அவிழ்த்து, இரண்டு ரக்அத் தொழுது, ஷெய்குக்கும் மற்றவர்களுக்கும் கை கொடுத்து அவர்களோடு உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவர் அந்த வீட்டு ஆள்.

அந்த மூன்று கேள்விகளைக் கவனியுங்கள். கடிதமோ முத்திரையோ கேட்கவில்லை. வழியில் தங்கிய இடங்களின் பெயரும் ஷெய்கின் பெயருமே அடையாளச் சான்றாக நடந்திருக்கின்றன. பொய் சொன்னால் சுலபமாக மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த ஸாவியாக்களில் தங்கிவிட்டு வந்த வேறு யாராவது உள்ளே இருப்பார்கள்.

காலையில் காதிம் ஒவ்வொருவரிடமும் போய் இன்றைக்கு என்ன சாப்பாடு வேண்டும் என்று கேட்பாராம். நாளுக்கு இரண்டு வேளை. ஒவ்வொருவருக்கும் தனி ரொட்டி, தனிக் கிண்ணம். குளிர்காலத்துக்கு ஓர் உடை, கோடைக்கு ஓர் உடை. மாதம் 20 முதல் 30 திர்ஹம் கைச்செலவுக்கு. வியாழன் இரவில் இனிப்பு. துணி துவைக்கச் சோப்பு, குளியலறைக் கட்டணம், விளக்குக்கு எண்ணெய். இவர்கள் மணமாகாதவர்கள். மணமானவர்களுக்குத் தனி ஸாவியாக்கள் இருந்தன. ஐந்து வேளைத் தொழுகைக்கு வருவதும் இரவை அங்கேயே கழிப்பதும் கட்டாயம்.

டமாஸ்கஸிலும் இதே கதைதான். 1184இல் அங்கே போன ஆண்டலூசியப் பயணி இப்னு ஜுபைர், ஓடும் நீர் பாயும் மாளிகைகளில் வாழும் இந்தச் சூஃபிகள்தான் இந்த ஊரின் அரசர்கள் என்று வியந்து எழுதினார்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

இரண்டு வழிகள். முதலாவது வக்ஃபு, அதாவது அறப்பணிக்கென்று நிரந்தரமாக எழுதி வைக்கும் சொத்து. சலாஹுத்தீன் அய்யூபி 1173 வாக்கில் கெய்ரோவில் ஃபாத்திமிய்யா காலத்து மாளிகை ஒன்றைக் கான்காவாக மாற்றினார். சயீத் அஸ்ஸுஅதா என்று அதற்குப் பெயர். தொலைநாடுகளிலிருந்து வரும் சூஃபிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் அது. அதன் செலவுக்கு வருமானம் தரும் சொத்துகளை வக்ஃபாக எழுதி வைத்தார். அதன் தலைவருக்கு ஷெய்குகளின் ஷெய்கு என்ற அரசுப் பட்டமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்து சூஃபிகள் ஜும்ஆவுக்கு வரிசையாக நடந்து போவதைப் பார்க்கவே ஜனம் கூடியதாக வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். பின்னால் வந்த மம்லூக் சுல்தான்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். 1325இல் அந்நாசிர் முஹம்மத் கெய்ரோவுக்கு வடக்கே சிர்யாகூஸில் நூறு சூஃபிகளுக்கு நூறு அறைகளோடு ஒன்று எழுப்பினார்.

ஏன் இந்தப் போட்டி? புண்ணியம் ஒரு காரணம். இன்னொன்று, மம்லூக்குகள் அடிமைப் போர்வீரர்களாக வந்து ஆட்சியைப் பிடித்தவர்கள். மண்ணில் வேர் இல்லாதவர்களுக்கு மக்கள் மதிக்கும் பெரியவர்களின் துஆ (பிரார்த்தனை) தேவைப்பட்டது. சொத்தை வக்ஃபாக்கிவிட்டால் அடுத்த சுல்தான் அதைப் பறிப்பதும் கடினம்.

இரண்டாவது வழி ஃபுதூஹ். கேட்காமல் தானாக வந்து சேரும் காணிக்கை. இந்தியாவில் பரவிய சிஷ்தி தரீக்காவின் ஷெய்குகள் இதை மட்டுமே ஏற்றார்கள். நிலமானியம் வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டாம். வந்ததை அன்றே செலவழித்துவிட வேண்டும், நாளைக்கென்று வைக்கக் கூடாது.

கான்காவில் இல்லாத ஊர் ஏழைகளுக்கு என்ன பயன்?

டெல்லிக்கு வெளியே கியாஸ்பூரில் சிஷ்தி ஷெய்கு நிஜாமுத்தீன் அவ்லியாவின் (மறைவு 1325) சமையலறையில் நாள் முழுக்க அடுப்பு எரிந்தது. யார் வந்தாலும் சாப்பாடு. அவரோ ஆண்டு முழுக்க நோன்பு வைத்தவர். நோன்பு பிடிக்க விடியுமுன் கொண்டுவந்து வைக்கும் உணவையும் பல நாள் சரியாகத் தொடமாட்டாராம். பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் எத்தனையோ பேர் பட்டினியாகக் கிடக்கும்போது இது என் தொண்டையில் எப்படி இறங்கும் என்று அழுவார் என அவர் சீடர்கள் எழுதியிருக்கிறார்கள். நிஜாமுத்தீனைப் பற்றி ஆயிரம் அற்புதக் கதைகள் உண்டு. எனக்கு இந்த ஒன்று போதும்.

முல்தானில் பஹாவுத்தீன் ஜக்கரிய்யா (மறைவு 1262) வேறு மாதிரி. சுஹ்ரவர்திய்யாவைச் சேர்ந்தவர், செல்வந்தர், அவருடைய கான்காவில் தானியக் களஞ்சியங்களே இருந்தன. ஒரு தட்டுப்பாட்டின்போது முல்தானின் ஆளுநர் தானியம் கேட்டு ஆளனுப்பினார். அள்ளிக்கொள்ளச் சொன்னார் ஜக்கரிய்யா. தானியத்துக்கு நடுவே வெள்ளிக் காசு நிறைந்த பானை அகப்பட, ஆளுநர் அதைச் சொல்லி அனுப்பினார். அது இருப்பது தெரியும், அதையும் சேர்த்தே கொடுத்தேன் என்று பதில் வந்தது. ஒருவர் சேர்த்து வைக்காமல் கொடுத்தார், இன்னொருவர் சேர்த்து வைத்துக் கொடுத்தார். பஞ்ச காலத்தில் களஞ்சியம் வைத்திருந்தவரால்தான் ஒரு நகரத்துக்கே உதவ முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

வணிகர்களுக்கும் தரீக்காக்களுக்கும் என்ன தொடர்பு?

தெற்கு ஈரானில் காஸரூன் என்றொரு ஊர். அங்கே அடங்கியிருக்கும் ஷெய்கு அபூ இஸ்ஹாக் (963–1033), வாழ்ந்த நாளில் ஏழைகளுக்குச் சோறு போட்டதற்கே பேர் பெற்றவர். அவர் மறைந்து 300 ஆண்டுகள் கழித்து, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே கப்பல் ஓட்டியவர்களின் காவலராக அவர் மாறியிருந்ததை இப்னு பதூதா விவரிக்கிறார்.

நடுக்கடலில் காற்று மாறினாலோ கொள்ளையர் பயம் வந்தாலோ, கப்பலில் உள்ளவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று ஷெய்குக்கு நேர்ந்துகொள்வார்கள். வாயால் சொல்வதோடு போகாது. யார் எவ்வளவு நேர்ந்தார் என்று எழுதி வைப்பார்கள். கப்பல் பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்ததும் கான்காவின் ஆட்கள் ஏறி வந்து, பட்டியலை வாங்கிப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் நேர்ந்த தொகையை வசூலிப்பார்கள். சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரும் எந்தக் கப்பலிலும் ஆயிரக்கணக்கான தீனார் இப்படிச் சேராமல் இருக்காது என்கிறார் அவர்.

இதைவிட வியப்பானது அடுத்தது. ஓர் ஏழை காஸரூனுக்குப் போய் உதவி கேட்டால், அவருக்கு முத்திரையிட்ட ஒரு சீட்டு கிடைக்கும். ஷெய்கு பெயரில் நேர்ந்துகொண்டவர் யாராக இருந்தாலும், இதைக் கொண்டுவருகிறவருக்கு இவ்வளவு கொடுங்கள் என்று அதில் இருக்கும். அவர் அந்தச் சீட்டோடு போய், நேர்ச்சைக்கடன் பாக்கி உள்ளவரைக் கண்டுபிடித்துப் பணம் வாங்கிக்கொள்வார். கொடுத்தவர் சீட்டின் பின்புறம் பெற்றுக்கொண்டதற்கு எழுதி வாங்கிக்கொள்வார். காசு காஸரூனுக்குப் போகாமலே ஏழையின் கைக்கு வந்துவிடுகிறது! வணிகர்களின் உண்டியல் சீட்டு போல நடந்த தர்மம் இது.

இந்தத் தரீக்காவின் கிளைகள் கடல்வழி நெடுகிலும் இருந்தன. கோழிக்கோட்டில் ஒரு காஸரூனி ஷெய்கு, கொல்லத்தில் ஒரு காஸரூனி ஷெய்கு, சீனத்தின் ஜைத்தூன் துறைமுகத்தில், அதாவது இன்றைய குவான்சோவில், இன்னொருவர். மூவரையும் இப்னு பதூதா பெயரோடு குறிப்பிடுகிறார். மிளகும் பட்டும் போன வழியில்தான் நேர்ச்சைப் பணமும் போயிருக்கிறது.

கைத்தொழில் செய்தவர்கள்?

துருக்கியில் அகீ என்ற சகோதரக் கூட்டங்கள் இருந்தன. இவை முழுமையான தரீக்காக்கள் அல்ல, ஆனால் சூஃபி ஒழுக்கத்தில் ஊறியவை. ஒரே தொழில் செய்யும் இளைஞர்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்கி, ஒரு ஸாவியா கட்டி, பாயும் விளக்கும் வாங்கிப் போடுவார்கள். பகலெல்லாம் உழைத்து, அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அன்றைய கூலியைக் கொண்டுவந்து தலைவரிடம் கொடுப்பார்கள். அதில் பழமும் உணவும் வாங்கி எல்லோரும் சாப்பிடுவார்கள். வழிப்போக்கர் யாராவது வந்திருந்தால் அவர்தான் அன்றைய விருந்தாளி.

அந்தாலியாவில் இப்னு பதூதாவைச் சாப்பிடக் கூப்பிட்டவர் பழைய துணி உடுத்திய ஒரு செருப்புத் தைப்பவர். இவர் எங்கே நமக்கு விருந்து வைப்பார் என்று தயங்கினாராம். பார்த்தால், 200 தொழிலாளிகளுக்குத் தலைவர் அவர். லாதிக் நகரில், இன்றைய தெனிஸ்லியில், இரண்டு அகீக் கூட்டங்கள் இந்த விருந்தாளி எங்களுக்குத்தான் என்று கத்தியை உருவும் அளவுக்குப் போய்விட்டன. கடைசியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள்.

பெண்களுக்கு இடம் இருந்ததா?

இருந்தது, ஆண்களுக்கு இருந்த அளவுக்கு இல்லை. ஆண்டலூசிய சூஃபி இப்னு அரபி தன் ஆசான்களில் செவில் நகரத்து மூதாட்டி பாத்திமாவைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். ஆனால் சில்சிலாக்களில் பெண் பெயர்கள் அபூர்வம்.

சமூக நோக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது கெய்ரோவின் ரிபாத் அல் பக்தாதிய்யா. சுல்தான் பைபர்ஸின் மகள் 1285 வாக்கில், ஜைனப் என்ற சூஃபிப் பெண் ஷெய்குக்காக இதைக் கட்டினார். மணவிலக்குப் பெற்றவர்களும் கணவன் கைவிட்டவர்களும் அங்கே தங்கலாம். மறுமணமோ, கணவனிடம் திரும்புவதோ நடக்கும் வரை அது அவர்கள் வீடு. ஒரு பெண் ஷெய்கு எப்போதும் பொறுப்பில் இருந்து, பாடம் சொல்லிக் கொடுத்து, ஒழுங்கையும் கண்டிப்பாகக் காத்தார் என்று மக்ரீஸி எழுதுகிறார். கைவிடப்பட்ட பெண் எங்கே போவாள் என்று 13ஆம் நூற்றாண்டில் ஒரு சமூகம் யோசித்து, கட்டடமும் கட்டி, செலவுக்கும் வழி செய்தது. இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்க வேண்டிய செய்தி.

அரசர்களோடு உறவு எப்படி?

ஒரே பதில் கிடையாது. ஷிஹாபுத்தீன் உமர் சுஹ்ரவர்தி பாக்தாத் கலீஃபா அந்நாசிரின் ஆலோசகர், தூதராகப் பல அரசவைகளுக்குப் போனவர். முல்தானின் ஜக்கரிய்யா டெல்லி சுல்தான் இல்துத்மிஷிடம் ஷெய்குல் இஸ்லாம் பதவி பெற்றார். நிஜாமுத்தீனோ, என் வீட்டுக்கு இரண்டு வாசல், சுல்தான் ஒன்றில் வந்தால் நான் மற்றதில் போய்விடுவேன் என்றவர். ஆனால் அவருடைய சீடர் அமீர் குஸ்ரோ அரசவைக் கவிஞர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஷெய்கு அரண்மனைக்குப் போகவில்லை, அரண்மனை ஆட்கள் ஷெய்கிடம் வந்தார்கள்.

நடுவே நின்று மக்களுக்காகப் பேசியவர்களும் உண்டு. சமர்கந்தின் குவாஜா உபைதுல்லா அஹ்ரார் (1404–1490) நக்ஷபந்திய்யாவின் பெரிய ஷெய்கு. ஷரீஅத்தில் இல்லாத தம்கா என்ற வணிக வரி கடைக்காரர்களை வாட்டிக்கொண்டிருந்தது. 1460இல் தைமூரிய சுல்தான் அபூ சயீதிடம் பேசி, சமர்கந்திலும் புக்காராவிலும் அதை நீக்க வைத்தார். போருக்கு நின்ற தைமூரிய இளவரசர்களுக்கு இடையே சமாதானமும் பேசினார். ஆட்சியாளர்களிடம் சொல்லாமல் மக்களின் துயரை எப்படித் தீர்ப்பது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான்.

வடமேற்கு ஈரானின் அர்தபீலில் இது எல்லை தாண்டிப் போனது. ஷெய்கு ஸஃபியுத்தீன் (1252–1334) தொடங்கிய தரீக்காவின் வாரிசுகள் மெல்ல ஆயுதம் ஏந்திய முரீதுகளைச் சேர்த்தார்கள். 1501இல் அந்த வழிவந்த இஸ்மாயீல் தப்ரீஸில் ஷாவாக முடிசூடினார். சஃபவிப் பேரரசு பிறந்தது அப்படித்தான்.

மக்களை இஸ்லாத்துக்கு மாற்றியது சூஃபிகள்தானா?

ஒரு ஷெய்கு வந்தார், அற்புதம் செய்தார், ஊரே மாறியது என்ற கதைகள் பெரும்பாலும் பல தலைமுறை கழித்து எழுதப்பட்டவை. நடந்தது மெதுவானது. பஞ்சாபின் அஜோதனில், இன்றைய பாக்பத்தனில், பாபா ஃபரீத் (மறைவு 1265) வாழ்ந்தபோது அவர் கூடத்துக்கு யோகிகளும் வந்து பேசினார்கள். மதம் மாறச் சொல்லி அவர் ஊர் ஊராகப் போகவில்லை. அவர் மறைவுக்குப் பின் அந்தத் தர்காவைச் சுற்றி ஜாட் குலங்கள் குடியேறின, விளைச்சலில் காணிக்கை கொடுத்தன, உர்ஸுக்கு (ஷெய்கின் நினைவு நாள் விழாவுக்கு) வந்தன, அங்கேயே கல்யாண உறவுகள் பேசின. பல நூற்றாண்டுகள் கழித்தே குடும்பப் பெயர்களில் முஸ்லிம் பெயர்கள் பெரும்பான்மையாகின. தர்கா ஒரு சந்தையாக, நீதிமன்றமாக, உறவு கூடும் இடமாக இருந்ததன் மெதுவான விளைவு அது.

உலமாக்கள் எதிர்க்கவில்லையா?

உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், ஒரு பக்கம், சூஃபிகள் ஒரு பக்கம் என்று பிரிப்பதே தவறு. ஜீலானி ஹன்பலி மத்ஹபின் (சட்ட மரபின்) அறிஞர். கஸ்ஸாலி (1058–1111) பாக்தாத்தின் மிகப் பெரிய மதரஸாப் பதவியை விட்டுச் சூஃபியாகி, பின்னால் தூஸில் ஒரு கான்கா வைத்திருந்தார். விமர்சனம் இருந்தது உண்மை. இப்னுல் ஜவ்ஸி (மறைவு 1201) சூஃபிகளின் சோம்பேறித்தனத்தைச் சாடினார். இப்னு தைமிய்யா 1305இல் டமாஸ்கஸில் தீக்குள் இறங்கிக் காட்டும் ரிஃபாயி ஃபக்கீர்களோடு நேருக்கு நேர் மோதினார். கப்றுகளில் உதவி தேடுவதையும் கடுமையாகக் கண்டித்தார்.

காப்பியைப் பற்றிக்கூட சண்டை நடந்தது. 15ஆம் நூற்றாண்டில் யெமன் சூஃபிகள் இரவு திக்ரில் தூங்காமலிருக்க அதைக் குடிக்க ஆரம்பித்தார்கள். 1511இல் மக்காவில் அதற்குத் தடை வந்தது, நிலைக்கவில்லை.

அப்படியென்றால் குறையே இல்லையா?

உண்டு, பெரிய குறைகள். வக்ஃபுப் பணம் ஒழுங்காக வரும் கான்காவில் இடம் பிடிப்பது ஒரு வேலை பிடிப்பது போல ஆனது. பக்திக்காக வந்தவரையும் மாதம் 20 திர்ஹத்துக்காக வந்தவரையும் பிரிப்பது கடினம். ஷெய்கு பதவி தகுதி பார்த்துப் போகாமல் மகன், பேரன் என்று வாரிசு வழியில் போனது. அஹ்ரார் போன்றவர்களிடம், வரிவசூலுக்குப் பயந்த சிறு விவசாயிகள் தங்கள் நிலத்தைப் பாதுகாப்புக்காக ஒப்படைத்தார்கள். பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் சூஃபியே மாவட்டத்தின் மிகப் பெரிய நிலக்கிழார் ஆகிவிட்டார். ஏழைகளின் கதவு என்று நான் சொல்வதை வைத்து இவற்றை மூடி மறைக்க முடியாது. யார் பணத்தில் கதவு திறந்திருக்கிறதோ, அவர்களுக்கு உள்ளே செல்வாக்கு இருந்தே தீரும். சிஷ்திகள் மானியத்தை மறுத்ததன் அருமை இந்த இடத்தில்தான் புரிகிறது.

தமிழ் நாட்டுக் கரைக்கு இதில் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் இடைக்காலத்தின் கடைசியிலும் அதற்குப் பின்னும். 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது, ஜீலானியின் வழிவந்தவராகப் போற்றப்படுகிறார். கடலோடிகள் அவருக்கு நேர்ந்துகொள்வதும், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே நினைவிடங்கள் எழுப்பியதும், காஸரூனி காலத்துக் கடல்வழி வழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகின்றன. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் நாகூரின் மிக உயரமான மினாராவைக் கட்டிக் கொடுத்தார். காயல்பட்டினத்தில் காதிரிய்யாவுக்கு மஹ்லராவும் ஷாதுலிய்யாவுக்கு ஸாவியாவும் இன்றும் உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு முகியித்தீன் சதகம் பாடியதும் பாக்தாத்து ஜீலானியைத்தான்.

இந்த இடங்களில் எதையாவது இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். கெய்ரோவின் ஜமாலிய்யா வீதியில், சயீத் அஸ்ஸுஅதா இருந்த இடத்துக்குப் பக்கத்தில், 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வேறொரு பைபர்ஸ், பைபர்ஸ் ஜாஷன்கீர், கட்டிய கான்கா நிற்கிறது. முல்தானில் ஜக்கரிய்யாவின் அடக்கத்தலம் உண்டு. கொன்யாவில் ரூமியின் தெக்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. 1925இல் துருக்கிக் குடியரசு எல்லாத் தெக்கேக்களையும் மூடியபோது அதுவும் மூடப்பட்டது. நமக்குப் பக்கத்தில் என்றால் குல்பர்காவின் பந்தே நவாஸ் தர்கா. பந்தே நவாஸ் எனப்படும் கேசுதராஸ், நிஜாமுத்தீனின் சீடருக்குச் சீடர், 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் டெல்லியிலிருந்து அங்கே வந்து தங்கியவர். டெல்லிக்குப் போகிறவர்கள் நிஜாமுத்தீன் தர்காவுக்குக் கவ்வாலி கேட்க மாலையில் போவது வழக்கம். சாப்பாடு பரிமாறும் நேரத்திலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.